கரியில் ஓடுகிறது நம் கார்

அன்பு மச்சான் ஞானமுத்து,

எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில், நம் காரின் மட்கார்டு மேல் தாளை வைத்து எழுதுகிறேன். உள்ளே உன் மகள் எஸ்தர் தலைப்பிரசவ வலியில் கிடக்கிறாள். சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நீ இருந்தவரை நம் வாடகைக் கார் பெட்ரோலில் ஓடியது. நீ கண்ணை மூடிய மறுவருஷமே உலக யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. இப்போது கரியில் ஓட்டுகிறேன், மச்சான்! பின்னால் ஆளுயர டிரம் ஒன்றை மாட்டி, கரியைக் கொட்டிப் பற்றவைத்தால், அதிலிருந்து வருகிற வாயுவில் இன்ஜின் ஓடும். ஹேண்டிலைச் சுற்றியதும் கிளம்புகிற கதையெல்லாம் இப்போது கிடையாது. நெருப்புக்குக் காற்றடிக்கிற விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றித் தோள் கழன்ற பிறகுதான் உறுமும். வேட்டி, மூக்கு, சோறு எல்லாம் கரி. அந்தக் காரைத் துடைத்துத் துடைத்து வைத்தவன் நீ. இந்தக் கோலத்தில் பார்த்திருந்தால் என் கழுத்தைப் பிடித்திருப்பாய்.

எஸ்தரின் புருஷன் பட்டாளத்தில் இருக்கிறான். அவளுக்கு மாசம் நிறைந்ததிலிருந்து நான் சவாரிக்கே போகவில்லை. சேத்தூரில் உன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நெருப்பை அணையவிடாமல் காத்துக் கிடந்தேன். "அண்ணே, வண்டிக்குக் காவலா, பிள்ளைக்குக் காவலா?" என்று உன் பெண்டாட்டி கேலி செய்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வலி கண்ட பிறகா கரியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார முடியும்?

இன்று காலையில் வலி கண்டது. ராஜபாளையம் வரை ஒழுங்காக வந்த வண்டி, ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் இழுக்கமாட்டாமல் நின்றுவிட்டது. இறங்கி, கம்பியால் கரியைக் குத்திக் கிளறினேன். சைக்கிளில் வந்த தெலுங்கு பேசுகிற ராஜு ஒருவர், "ஏமி பாய், நடுரோட்டுல சமையலா?" என்றார். காருக்குள் எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து விசிறியைச் சுற்றினார். எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாமா, எங்க அய்யா இருந்திருந்தா உங்கள எறக்கிவிட்டுட்டு அவியளே ஓட்டியிருப்பாவ" என்றாள். அந்த வலியிலும் வாய்க்கொழுப்பைப் பார்! உன் மகளல்லவா.

இங்கே வந்ததும் டாக்டரம்மா, "சிக்கலானா மதுரைக்குத்தான் கொண்டுபோகணும், வண்டியைத் தயாரா வையுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போதிருந்து விசிறியைச் சுற்றுகிறேன், எழுதுகிறேன், மறுபடியும் சுற்றுகிறேன். மதுரை வரை இந்த வண்டி இழுக்குமா? பாதி வழியில் கரி தீர்ந்தால் நான் எங்கே போவேன்? உனக்கு அப்படி என்னப்பா அவசரம், முந்திக்கொண்டு போக? நான் இங்கே துஆ கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீ உன் ஆண்டவரிடம் நேரிலேயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

எழுதுவதை நடுவில் விட்டுவிட்டேன், மச்சான். நர்ஸ் வெளியே வந்து, "பாய், நெருப்ப அணைச்சிருங்க. இனிமே வண்டி வேண்டாம்" என்றாள். கம்பியும் கையுமாகப் புழுதியில் உட்கார்ந்து, உன் பேரைச் சொல்லி ஓவென்று அழுதுவிட்டேன். அவள் பதறிப்போய், "ஐயோ, அழாதீக! பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் சொகமா இருக்காக" என்றாள். அதை முதலில் சொன்னால் என்னவாம், பாவி மகள்!

பேத்தி, மச்சான். கரிக்கையோடு தொடக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள். வாசலில் நின்றுதான் பார்த்தேன். உன்னைப்போலவே நெற்றியைச் சுருக்குகிறாள்.

நீ போன பிறகு, காரில் என் பக்கத்து ஸீட்டில் ஒருத்தரையும் நான் உட்காரவிட்டதில்லை. யார் கேட்டாலும் பின்னால் போகச் சொல்லிவிடுவேன். கரிமூட்டையை மட்டும்தான் அங்கே வைத்து ஓட்டுகிறேன். வீட்டுக்கு அனுப்புகிற அன்று அந்த மூட்டையை இறக்கிவிட்டு, ஸீட்டைத் தேய்த்துக் கழுவி, எஸ்தரை மடியில் பிள்ளையோடு உன் இடத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். இது சத்தியம்.

உனக்கு மச்சான், உன் பேத்திக்கு இன்று முதல் தாத்தா,
காதர் மைதீன்