அவள் டாக்டரிடம் சொன்னது

ஜூன் 12, வியாழன்

சுதாவுக்கு மறுபடியும் படபடப்பு. சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. புரொடக்‌ஷன் மேனேஜர் நான் இல்லாமல் தையல் லைன் நகராது. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பதிவு செய்கிற பெண் அவளுடைய போன் நம்பரைக் கேட்டது. "அவ போனை எங்க வெச்சான்னு அவளுக்கே தெரியாதுங்க. என்ற நம்பரைப் போட்டுக்கங்க" என்றேன். ரிப்போர்ட் எல்லாம் இனி போனிலேயே வருமாம், ஆஸ்பத்திரி ஆப் ஒன்றை ஏற்றித் தந்தார்கள். நல்ல வசதிதான், ஒரு தாளுக்காக அலைய வேண்டியதில்லை.

டாக்டர் சாரதாமணி என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். கோபம் வந்தது. என் பெண்டாட்டிக்கு என்ன என்று தெரிய நான் வெளியே நிற்க வேண்டுமா? ரொம்ப நேரம் கழித்து வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "ஒண்ணுமில்லீங்க, சத்துக் குறைவாம்" என்றாள்.

ஜூன் 13

சாயப்பட்டறையில் இருந்து வந்த துணி ஷேடு மாறிவிட்டது. நாள் முழுக்கக் கத்தினேன்.

ஜூன் 15, ஞாயிறு

போன் ஒலித்தது. ஆப்பைத் திறந்தேன். ஈசிஜி நார்மல். ரத்தம் நார்மல். அதற்குக் கீழே "டாக்டர் குறிப்பு" என்று இருந்தது. அதையும் தொட்டேன். இங்கிலீஷில்தான் இருந்தது, ஆனால் புரியாத இங்கிலீஷ் இல்லை.

எட்டு மாதமாகத் தூக்கம் இல்லை. கணவரின் பைக் சத்தம் கேட்டாலே படபடப்பு தொடங்குகிறது. அடிப்பதில்லை. கத்துவார், கையில் கிடைத்ததை வீசுவார். மகள் தன் அறையைப் பூட்டிக்கொள்கிறாள். கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கணவரிடம் சொல்ல வேண்டாம். அதை நான் படித்துக்கொண்டிருந்தேன்.

சமையல்கட்டிலிருந்து சுதா கேட்டாள்: "ரிப்போர்ட் வந்துருச்சுங்களா?"

"எல்லாம் நார்மல்" என்றேன்.

ஜூன் 16

யாரோ ஒரு டாக்டரம்மாவிடம் போய் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். நான் குடிக்கிறேனா? சீட்டாடுகிறேனா? கம்பெனி டென்ஷனை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வீசினேனாம். எதை வீசினேன்?

தட்டை வீசினேன். ரிமோட்டை வீசினேன். போன தைப்பூசத்தன்று பழனியிலிருந்து கிளம்பும்போது சாவி கிடைக்கவில்லை என்று பஞ்சாமிர்த டப்பாவை.

வீசியிருக்கேன். ஆமா, வீசியிருக்கேன்.

மகள் வேல்விழி கதவைப் பூட்டிக்கொள்வது படிப்பதற்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 18

புல்லட்டைத் தெரு முனையிலேயே அணைத்துவிட்டு வீடு வரை உருட்டிக்கொண்டு வந்தேன். எதிர் வீட்டுப் பழனாயி அக்கா, "ஏனுங்க தம்பி, வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வியர்த்துக் கொட்டியது. இனி தினமும் இப்படித்தான்.

ஜூலை 3, வியாழன்

இன்று அவளுக்கு இரண்டாவது தடவை. நான்தான் கொண்டுபோய் விட்டேன். டாக்டர் சொல்லும் முன்பே வெளியே போய் உட்கார்ந்தேன். சுதா திரும்பிப் பார்த்தாள்.

குறிப்பு எப்போது வரும் என்று கம்பெனியில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நாளாக நான் குரலை உயர்த்தவில்லை. அதைச் சொல்லியிருப்பாள் அல்லவா? பள்ளியில் பரீட்சை முடிவுக்குக்கூட இப்படிக் காத்திருந்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் போன் ஒலித்தது. துணிக் குடோனுக்குள் போய், ரோல்களுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

கணவர் இப்போது சத்தமில்லாமல் வந்து நிற்கிறார். எப்போது வருவார் என்றே தெரியாததால் நாள் முழுக்கப் பயமாக இருக்கிறது என்கிறார்.

இன்னொன்றும் இருந்தது. தன் தம்பி கல்யாணத்தில் கணவர் கோபித்துக்கொண்டு பந்தியில் இலையை மடக்காமல் எழுந்து போனார். தான் அன்று முழுக்க ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றதாகச் சொல்கிறார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளகோவில் மண்டபம். சம்பந்தி வீட்டுக்காரனுக்கு முதலில் இலை போட்டுவிட்டு எனக்கு அப்புறம் போட்டார்கள் என்று எழுந்தேன். அவள் சாப்பிட்டாளா என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரோல் பின்னாலிருந்து வெளியே வந்தபோது செக்கிங் பகுதி இசக்கிமுத்து கேட்டான்: "என்ன சார், உடம்பு சரியில்லையா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே."

ஜூலை 6, ஞாயிறு

தப்புச் செய்துவிட்டேன்.

மதியம் சாப்பிடும்போது மனம் இளகி, "உன்ற தம்பி கல்யாணத்துல நீ சாப்புடவே இல்லையில்ல சுதா? என்னாலதான்" என்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் ஆரம்பித்தேன். கரண்டியோடு நின்றாள்.

"அதை நான் ஆருகிட்டயும் சொல்லலீங்களே. உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

ஒரு நொடி. ஒரே நொடி. உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"நீதான் அன்னிக்குச் சொன்ன. மறந்துட்டியா?"

"நானுங்களா?" என்றாள். அப்புறம் ரசத்தை ஊற்றினாள். வெகு நேரம் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 9

போனிலிருந்து ஆப்பை நீக்கிவிட்டேன்.

ஜூலை 10

மறுபடியும் ஏற்றினேன். அடுத்த வாரம் அவளுக்கு டாக்டர் இருக்கிறது. அவசரம் என்றால் வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசிங்கம்.

ஜூலை 17, வியாழன்

இதை எழுதக் கை வரவில்லை. இன்றைய டாக்டர் குறிப்பு:

மறதி வருகிறதோ என்று பயப்படுகிறார். தான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னதாகக் கணவர் கூறுகிறார். தனக்கு நினைவே இல்லை. தன் பெரியம்மாவுக்குப் புத்தி பேதலித்ததுபோல் தனக்கும் ஆகுமோ என்று அழுதார். மூளை ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறேன்.

மூளை ஸ்கேன்.

என் வாயிலிருந்து வந்த ஒரு பொய்க்காக அவளை மிஷினுக்குள் படுக்க வைக்கப் போகிறார்கள். அவளுக்கு ஒண்ணுமில்ல. அவ மூளை நல்லா இருக்குது. எனக்குத் தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியும், நான் போனைக் கையில் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். என்ன மனுசன் நான்?

ஜூலை 18, வெள்ளி

அவளுக்குத் தெரியாமலே நம்பரை மாற்றிவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போதும் பொய்யிலேயே முடிக்கப் பார்த்திருக்கிறேன்.

பதிவு செய்கிற பெண் தென்காசிப் பக்கம் போல. "அப்படி நீங்களா மாத்த முடியாது சார். அவங்க நேர்ல வரணும்லா. ஆதார் வேணும், பழைய நம்பருக்கு ஓடிபி போகும்" என்றது. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "இதுவரைக்கும் வந்ததெல்லாம் உங்களுக்கா சார் வந்துட்டு இருந்துச்சு?" என்றது. குற்றமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. வரிசையை விட்டு விலகி வந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன்.

வேல்விழி டியூஷன் போயிருந்தாள். சுதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். "உன்ற மூளைக்கு ஒண்ணுமில்ல. நீ எங்கிட்டச் சொல்லல. நான் இதுல படிச்சேன். பொய் சொன்னேன்."

அவளுக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

"எப்ப இருந்துங்க?"

"முதல் நாள்ல இருந்து."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அந்த ரூமுல மட்டுந்தானுங்க நான் வாயத் தொறந்து பேசுனேன். அங்கயும் நீங்க உக்காந்துட்டு இருந்தீங்களா?"

பிறகு மடித்த துணியை எல்லாம் உதறி மறுபடியும் மடித்தாள்.

ஜூலை 20

பேச்சில்லை. ஸ்கேன் வேண்டாம் என்று அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னாள்.

ஜூலை 31, வியாழன்

இன்று டாக்டரிடம் போகும் நாள். போகவில்லை. வாசலில் கோலமாவு டப்பாவோடு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். படபடப்பு மறுபடி வருகிறது. தண்ணீர் எடுக்கப் போனவள் அன்றுபோலவே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

வேல்விழி என்னிடம் வந்து கேட்டாள்: "அம்மா ஏம்ப்பா ஆஸ்பத்திரிக்குப் போறதில்ல?"

"என்னாலதான் கண்ணு."

"தெரியும்" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போனாள். பூட்டும் சத்தம் கேட்டது. பதினாலு வயசுப் பொண்ணுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் ஒரு ஆப் வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 5

கம்பெனியில் ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் பையனிடம் கத்த வாயெடுத்தேன். அவன் தோள் தானாகவே ஒடுங்கியது. இதற்கு முன்னாலும் ஒடுங்கியிருக்கும். நான் பார்த்ததில்லை. "டீக் ஹை, ஜாவ்", அதாவது சரி போ, என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "ஆதார் எடுத்துட்டனுங்க. வாங்க, நம்பரை மாத்தணும்."

இருபத்தாறு நாள் கழித்து அவளாகப் பேசிய முதல் பேச்சு.

அதே பெண்தான் இருந்தது. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். என் போனுக்கு ஓடிபி வந்தது. நான் படித்துச் சொல்லவில்லை. போனை அப்படியே சுதாவிடம் கொடுத்தேன். அவளே பார்த்துச் சொன்னாள். "இனி உங்க போனுக்கு மட்டுந்தாம்மா வரும். சார் நம்பரை எடுத்தாச்சு" என்றது அந்தப் பெண்.

சுதா ஒரு கேள்வி கேட்டாள்: "இவரு படிச்சதை எல்லாம் அழிக்க முடியுங்களா?"

முடியாதாம். அது அவளுடைய ரெக்கார்டாம், இருந்துதான் ஆகுமாம்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

பஸ் ஏறித் தனியாகப் போய் வந்தாள். புது மாத்திரை கொண்டுவந்தாள். டாக்டர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய்? நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். என் போன் நாள் முழுக்க ஒலிக்கவில்லை. ஒலிக்கவும் கூடாது. ஆனாலும் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தேன். வெட்கம் இருந்தும் பழக்கம் விடவில்லை.

சாப்பாடு போடும்போது சொன்னாள்: "அடுத்த வாரம் உங்களுக்கு ஒரு டோக்கன் போட்டிருக்கனுங்க. என்ற டாக்டர் இல்ல. அவங்க எனக்கு. இது வேற டாக்டர்."

"எனக்கு என்ன கேடு?" என்று பழைய குரல் தொண்டையில் எழுந்தது. "சரி" என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

போனேன். அவள் வரவில்லை; நானும் கூப்பிடவில்லை. ஆண் டாக்டர், என்னைவிடச் சின்ன வயசு. கதவைச் சாத்திவிட்டு, "சொல்லுங்க கதிர்வேல் சார், எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?" என்றார். கம்ப்யூட்டரில் கை வைத்துக் காத்திருந்தார்.

சொல்ல வேண்டியதை எல்லாம் வழி நெடுக யோசித்துக்கொண்டு போயிருந்தேன். தட்டு, ரிமோட், கல்யாணப் பந்தி, அந்தப் பொய். அவருடைய விரல்களைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

கடைசியில் நான் கேட்டது இதுதான்:

"நான் சொல்றத வேற ஆராச்சும் படிப்பாங்களாங்க?"