எறா ஓடும் ஓட்டைவாயும்

அன்புள்ள அக்கா,

இதனால் சகலமான அஸ்தினாபுரவாசிகளுக்கும் தெரிவிப்பது யாதெனில், இன்று காலை முதல் என் பள்ளிச் சட்டை வெள்ளை நிறத்தில் இருக்கிறது. தண்டோரா முடிந்தது.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரும்புக் கறை ஏறி, துவைத்த துணியெல்லாம் சாம்பார் நிறம். “எங்க வீட்ல தெனமும் மஞ்சள் நீராட்டு விழா, வந்து மொய் வைங்க” என்று நான் சொன்னதற்கு அம்மாவிடம் அடி வாங்கினேனே, அந்தத் தண்ணீர். நேற்று பிளம்பர் அண்ணன் வந்து தொட்டிக்குக் கீழே புது ஃபில்டர் மாட்டினார். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் குரோம்பேட்டை மீன் கடையின் மதிய வாடை, லேசாக.

“ரெண்டு வாட்டி தண்ணி வுட்டா பூடும்மா,” என்றார். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் குனிந்து இன்னொரு முறை மோந்து பார்த்தேன். பெட்டியின் மேல் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில், பல்கலைக்கழகத்தின் பெயர் எறும்பு எழுத்தில். உங்கள் பெயர் இல்லை. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீங்களும் இல்லாமல் போய்விட்டீர்கள்.

அந்த வாடையை முதலில் மோப்பம் பிடித்தவன் நான். நீங்களும் டீச்சர் ஆன்ட்டியும் எங்கள் மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்திருந்தீர்கள். உங்கள் அம்மாவைத் தெருவே டீச்சர் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டது. நீங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. மொட்டை மாடியில் பாட்டில் பாட்டிலாக எங்கள் மஞ்சள் தண்ணீர். அதில் ஒன்றைக் கொட்டிவிட்டு ஆரஞ்சு ஜூஸ் ஊற்றி வைக்கலாம் என்று பூனை மாதிரி ஏறி வந்தேன். கடைசிப் பாட்டிலில் தண்ணீர் பளிங்கு போல நின்றது. பக்கத்துத் தட்டில் எறா ஓடு, அதுதான் இறால் தோல், காய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் பக்கத்தில் ஒரு கிண்ணம். பின்னாலிருந்து என் காலரைப் பிடித்தீர்கள்.

“இன்னாடா பாத்த?” என்னைக் கிண்டல் செய்யும்போது மட்டும் நீங்கள் பேசும் மெட்ராஸ் பாஷை. ஆனால் அன்று கிண்டல் இல்லை.

“எறா ஓட்டைப் பாத்தேன்க்கா. அப்புறம் அந்தக் கிண்ணத்துல...”

“வாயை மூடு!”

சட்டென்று ஒரு கையால் கிண்ணத்தை மூடினீர்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. பிறகு தொட்டிப் படியில் உட்கார்ந்து சொன்னீர்கள். எறா ஓட்டிலிருந்து எடுக்கும் பொடியை மணலில் பூசினால், தண்ணீரிலுள்ள இரும்பு அதில் ஒட்டிக்கொள்ளும். அது பலருக்கும் தெரியும். அந்தப் பூச்சு கழுவிக்கொண்டு போகாமல் நிற்க, பொடியை எதில் கரைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. பெருங்களத்தூர் கம்பெனி ஒன்று அதைச் செய்து விற்கத் தயார். ஆனால் பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கி, விற்கும் உரிமையை முறைப்படி எழுதிக் கொடுத்தால்தான். விண்ணப்பம் திங்கட்கிழமை தாக்கலாகும். அதற்குள் யாராவது நாலு பேர் நடுவே ரகசியத்தைச் சொல்லிவிட்டால், அது புதியது இல்லை என்று ஆகிவிடும். யாரும் காப்பியடிக்கலாம் என்ற பொருளுக்கு எந்தக் கம்பெனி மெஷின் வாங்கும்?

“பேப்பரா எழுதினா லைப்ரரிக்குப் போகும். கம்பெனி எடுத்தாதான்டா குழாய்க்குப் போகும்.”

“கண்டுபிடிச்சது நீங்க, ஓனர் யுனிவர்சிட்டியா? அப்ப அங்கயும் நீங்க வாடகைதானா?”

நீங்கள் சிரிக்கவில்லை. “என் மொத்த உழைப்பும் இதுல இருக்கு. நீ ஒரு ஓட்டைவாய். திங்கக்கிழமை வரைக்கும் தாங்குவியா?”

“எறா ஓட்டைப் போய் ஓட்டைவாய்கிட்ட காட்டிட்டீங்களேக்கா.”

தாங்கினேன். வயிறு உப்பியதே தவிர வாய் திறக்கவில்லை. நீங்கள் என் வாயையே காவல் காத்தீர்கள். இன்னொரு வாய் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் சர்ச் ஆராதனையில் சாட்சி நேரம். அந்த வாரம் ஆசீர்வாதம் பெற்றவர்கள் முன்னால் வந்து மைக்கில் சொல்ல வேண்டும். டீச்சர் ஆன்ட்டி எழுந்து போனார். நான் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். வாலிபர் சங்கம் என்னை நம்பிக் கொடுத்த ஒரே ஊழியம், ஒயர் சிக்காமல் பார்த்துக்கொள்வது. நீங்கள் பாடகர் குழுவின் நடுவே மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

“என் மகளுக்குக் கர்த்தர் பெரிய ஞானத்தைக் கொடுத்தார்...”

“ஸ்தோத்திரம்!” என்றது சபை.

“நாம தூக்கிப் போடுற எறா ஓடு. அதுலருந்து ஒரு பொடி எடுத்து...”

மூன்றாவது பெஞ்சில் வாட்டர் ஃபில்டர் ஏஜென்சி அங்கிள். பிரசங்கத்துக்குக் குறிப்பெடுப்பவர். பேனா மூடியைக் கழற்றினார். நீங்கள் எழுந்து நின்று, “அம்மா, வேணாம்மா” என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தீர்கள்.

“வெக்கப்படுறா பாருங்க,” என்றார் ஆன்ட்டி. “ஏம்மா, இங்க வெளியாளா இருக்காங்க? நம்ம சபைதான?”

ஆன்ட்டிக்குச் சபை என்றால் வீடு. சட்டத்துக்குச் சபையும் சந்தையும் ஒன்று. சாட்சி சொல்ல வந்தவர் சொந்த மகளுக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொடியை எதுல கரைச்சான்னா...”

“பாம்பு! பாம்பு!” என்று நான் அலறினேன்.

அதற்குப் பிறகு சபையில் யார் பேச்சும் யார் காதிலும் விழவில்லை. ஏஜென்சி அங்கிள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்; பேனா எங்கோ போனது. மணியடிக்கும் கோயில்பிள்ளை துடைப்பத்தோடு ஓடிவந்தார். நீங்கள் வரிசையைப் பிளந்துகொண்டு வந்து ஆன்ட்டியின் கையிலிருந்த மைக்கை வாங்கிவிட்டீர்கள். ஏதேன் தோட்டத்துக்குப் பிறகு பெண்ணொருத்திக்குப் பாம்பு முதன்முதலாக நன்மை செய்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் சாயங்காலம் வந்து என் காதைத் திருகினீர்கள். “தாக்கல் ஆயிடுச்சுடா. காப்புரிமைக்கே காப்பு நீதான்!” அதைச் சொல்லிச் சொல்லித்தான் பள்ளியில் நான் இன்றுவரை காலரைத் தூக்கிவிட்டுத் திரிகிறேன்.

பல்கலைக்கழகமும் கம்பெனியும் கையெழுத்துக்கு இழுத்த இழுப்பில், பெட்டி கடைக்கு வந்தபோது நீங்கள் இல்லை. நேற்று ஆன்ட்டி கீழே இறங்கி வந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். “தெளிஞ்சிருக்குல்லப்பா?” என்றார். “சூப்பரா இருக்கு ஆன்ட்டி,” என்றேன். ஜோக் எதுவும் வரவில்லை.

அந்தக் கிண்ணத்தில் இருந்தது என்ன என்பது இப்போது காப்புரிமைத் தாளிலேயே அச்சாகிவிட்டதாம், யாரும் படிக்கலாமாம். படிக்கட்டும். என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஆனால் என் சாட்சி ஒன்று பாக்கியிருக்கிறது அக்கா. அன்று மைக் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் உறைந்து நின்றேன். அப்போது செருப்பில்லாத என் காலின் மேல் வழவழவென்று ஏதோ ஊர்ந்தது. நிஜமாகவே பாம்பு என்று நினைத்துத்தான் அலறினேன். ஆன்ட்டி ஓர் அடி முன்னால் நகர்ந்தபோது இழுபட்ட மைக் ஒயர் அது.

காதைத் திருகியபோதே சொல்லியிருக்கலாம். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள், சொல்ல மனம் வரவில்லை. ஓட்டைவாய் என்றீர்களே, பாருங்கள், எவ்வளவு நாள் தாங்கியிருக்கிறது.