கணவன் அழைத்தால் போக வேண்டும்

மாத்தளை
1962 ஜூன் 3, ஞாயிறு

கூரையின் மழைநீர்ப் பீலி மீண்டும் ஒழுகுகிறது. சட்டப் புத்தகங்களை அடுத்த சுவருக்கு நகர்த்தினேன். நனைந்தால் உலகுக்குப் பெரிய நட்டமில்லை, பழக்கதோஷம்.

பிற்பகல் தங்கை றாபியா வந்தாள். அவளுடைய கணவர் ஸெய்னுலாப்தீன் கலேவெலயில் ஓர் இரும்புக்கடையைத் திறந்து, அதன் பின்கட்டில் ஸுபைதா என்ற பெண்ணை இரண்டாம் தாரமாகக் குடியமர்த்தி ஒன்றரை வருடமாகிறது. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மாத்தளை வீட்டுக்கு ஒரு சதமும் வரவில்லை. அந்த வீட்டில் இருப்பவர்கள் றாபியாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் மட்டுமல்லர். அவரைப் பெற்ற தாயார் நோனா உம்மாவும் அங்கேதான். மகன் மனைவியை விட்டபோது மாமியார் மருமகளோடு நின்றுகொண்டார். வாடகை நிலுவையில் இருக்கிறது. வீட்டுக்காரர் இப்போதைக்கு மரியாதையாகக் கேட்கிறார்.

என் வீட்டுக்கே வந்துவிடும்படி அண்ணனாகச் சொன்னேன்.

"வரமாட்டேன் நானா. உங்க வீட்டில நான் விருந்தாளி. வயசான மாமியோட வர்ற விருந்தாளியப் பாக்க உங்க பொஞ்சாதிக்கு என்ன தலவிதி? எனக்கு அந்தாள்கிட்ட இருந்து சேரவேண்டியது சேரணும். என் வீட்டில நான் இருக்கணும்."

ஆகவே, முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதியாரிடம், கணவன் தரவேண்டிய தாபரிப்புச் செலவு கேட்டு மனு. ஒன்பது பந்திகளில் எழுதிக் கொடுத்தேன். அவளோடு போய் வாதாடத்தான் எனக்கு அனுமதியில்லை. காதி மன்றத்தில் கட்சிக்காரருக்காக வழக்கறிஞர் தோன்றுவதைச் சட்டம் தடுக்கிறது. ஊரார் பிரக்கிராசி என்று அழைக்கும் வழக்கறிஞனாகிய நான் கொலைகாரனுக்காகப் பேசலாம், மாட்டுத் திருடனுக்காகப் பேசலாம், உடன்பிறந்தவளுக்காகப் பேசக்கூடாது. எளிய மக்களுக்குச் செலவு குறையட்டும் என்று எண்ணினார்களாம். உண்மைதான். மனைவிக்கு வழக்கறிஞர் செலவு இல்லை. கணவனுக்கு வழக்கறிஞர் தேவையே இல்லை.

ஜூன் 10, ஞாயிறு

காதியார் பலீல் ஹாஜியார் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்பவர். மன்றம் அவருடைய கிடங்கின் மேல்மாடியில் கூடுகிறது. கீழே மிளகு மூட்டைகள். படியேறும் மனுதாரர், எதிராளி, சாட்சி ஆகிய அனைவருக்கும் கண்ணில் நீர் வரும், தும்மல் வரும். அந்த நீர் துக்கத்தாலா மிளகாலா என்று பிரித்தறிவது காதியாரின் கடமை. பெண்கள் விடயத்தில் இதுவரை அவர் மிளகு என்றே கண்டிருக்கிறார்.

நான் எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் அமர்ந்தேன். என் கந்தோர் எழுத்தர் நல்லையாவும் துணைக்கு வந்தார்.

"ஐயா, உள்ள வரக்கூடாதுன்னுதானே சட்டம்? இங்க இருந்து சத்தமா வாதாடினீங்கன்னா மேல நல்லாக் கேக்கும்."

அந்தச் சட்டப் பிரிவை மனத்துக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஸெய்னுலாப்தீன் வரவில்லை. காய்ச்சலாம். வேறு நாளுக்குத் தவணை போட்டார்கள்.

ஜூன் 11

நல்லையா விசாரித்து வந்தார். காய்ச்சல்காரர் நேற்றுத் தம்புள்ளையில் ஒரு கல்யாண வீட்டில், நான்கு பேர் சேர்ந்துண்ண ஒரே தட்டில் வைத்த சகன் சோற்றைத் தனியொருவராக வென்றிருக்கிறார்.

ஜூன் 24, ஞாயிறு

இன்று வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம். அவருக்கு முன்பே அத்தர் படியேறிவிட்டது.

மேலே நடந்ததை றாபியா தேநீர்க் கடைக்கு வந்து சொன்னாள். அவர் காதியாரைப் பார்த்து அழாத குறையாகப் பேசியிருக்கிறார்: "நான் எங்க ஹாஜியார் இவள விட்டேன்? கலேவெலக்கு வா, வான்னு எத்தனை தரம் கூப்பிட்டேன். புருஷன் கூப்பிட்டு வராதவளுக்கு என்னத்துக்குத் தாபரிப்பு?"

அவர் ஒருமுறையேனும் அழைத்தவரல்லர். றாபியா அதைச் சொன்னாளாம். காதியார் கையை உயர்த்தி நிறுத்தினாராம்.

"பழசெல்லாம் வேணாம் மகள். இப்பக் கூப்பிடுறார்தானே? போனா மாப்புள சோறு போடுவார். அடுத்த தவணைக்குள்ள போகாட்டி நீ நாஷிஸா. புருஷனுக்குக் கீழ்ப்படியாதவ. அப்புறம் என்கிட்ட கேக்க ஒன்னுமில்ல."

"என் மனுவை வாசித்தாரா?" என்றேன்.

"மடிச்சு மேசைக்காலுக்குக் கீழ வச்சார் நானா. மேசை ஆடிச்சு."

ஜூன் 26

இரண்டாம் மனைவி குடியிருக்கும் வீட்டில் முதல் மனைவியைக் குடியிருக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவளுக்குத் தனி வசிப்பிடம் தருவது கணவன் கடமை. நூல்களிலிருந்து மேற்கோள்களைத் திரட்டி இரண்டு தாள்கள் எழுதினேன். எழுதி முடித்ததும் நினைவு வந்தது: ஹாஜியாரின் மேசைக்கு இன்னும் மூன்று கால்கள் இருக்கின்றன.

கொழும்புக்கு மேன்முறையீடு செய்யலாம். ஒரு வருடம் பிடிக்கும். அதுவரை கீழ்ப்படியாதவள் என்ற பட்டத்துடன், வாடகை கட்டாத வீட்டில், இரண்டு பிள்ளைகளோடும் அவருடைய தாயாரோடும் அவள் என்ன சாப்பிடுவாள்? என் சோற்றை. அவள் வேண்டாம் என்ற அதே சோற்றை.

பதினேழு வருசம் இவனுக்கு ஆக்கிப் போட்டாளே. பெத்த தாய ஒரு நாள் வந்து எட்டிப் பாத்தானா? கூப்பிட்டானாம். எப்படா கூப்பிட்ட? எந்த வாயால கூப்பிட்ட?

— இந்தப் பந்தியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும். நாளை முதல் மறுபடியும் 'அவர்'.

ஜூலை 1, ஞாயிறு

இரவு உணவு றாபியா வீட்டில். வீட்டுக்காரரின் மரியாதை முடிந்துவிட்டது. மாத இறுதிக்குள் பணம் அல்லது சாவி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டாள். பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் பிறகு சட்டமும் கற்ற நான், இருந்த எரிச்சலில் சொன்ன ஆலோசனை இதுதான்:

"காதியார்தான் வழி சொல்லிவிட்டாரே. சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கலேவெலவுக்கே குடிபோ."

நோனா உம்மா சிரித்தார். றாபியா சிரிக்கவில்லை. அப்பளத்தை ஒடித்தபடி கேட்டாள்: "லொறி ஒன்னு பிடிக்க ஏலுமா நானா?"

ஜூலை 3

தடுத்துப் பார்த்தேன். சக்களத்தி வீட்டு வாசலில் அவமானப்படப் போகிறாய் என்றேன்.

"மானம் போறதுன்னா அந்த மிளகுக் கடைப் படியிலயே போயிட்டுது. உங்களத்தான் உள்ள விடுறாங்க இல்லையே நானா. அப்ப நான் செய்யுறதப் பாத்துக்கிட்டு இருங்க." பிறகு சற்று இறங்கி, "நான் போனா அவர் என்ன செய்வார்? வச்சுக்கிட்டா சோறு. துரத்தினா கூப்பிட்டது பொய். ரெண்டில ஒன்னு ஆகணும்தானே?"

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் அவர் பொய்யர் என்று நிரூபிக்கப் புறப்பட்டேன். அவள் அவர் சொல்லை அப்படியே நம்பி நடக்கப் புறப்பட்டிருக்கிறாள்.

காதியாருக்கு ஓர் அறிவித்தல் எழுதிக் கொடுத்தேன்: 'தங்கள் சொற்படி கணவர் வீட்டுக்குப் போகிறேன்.' என் தொழில் வாழ்வில் நான் எழுதிய மிகச் சிறிய ஆவணம். மேசைக்காலுக்கு உதவாது.

ஜூலை 7, சனி

பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டுமென்பதால் என் மனைவியிடம் இருக்கிறார்கள். லொறியில் ஏறியவை: தையல் மெஷின், அம்மி, கோழிக்கூடு கோழிகளோடு, பாய் தலையணை, நோனா உம்மாவின் கட்டில். முன் ஆசனத்தில் நோனா உம்மா. பின்னால் கட்டிலின் மேல், கழுத்துப்பட்டி அணிந்த நிலையில், நான். நாவுல ஊரைத் தாண்டும்வரை ஒரு சேவல் என்னை எதிர்த்தரப்பு வழக்கறிஞராகவே பாவித்தது.

கலேவெலக் கடையில் கூட்டம். ஸெய்னுலாப்தீன் ஒரு விவசாயிக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். றாபியா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, படிக்குக் கீழே நின்று, ஊர் கேட்கச் சொன்னாள்:

"கூப்பிட்டீங்களாம். காதியார் சொன்னார். வந்துட்டேன்."

அவர் வாய் திறக்குமுன் லொறியிலிருந்து குரல் வந்தது. "டேய் ஸெய்னு, கட்டில எங்கடா போடுற? காத்து வர்ற பக்கமாப் போடு."

உள்வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். ஸுபைதா. நான் ஒரு கொடியவளை எதிர்பார்த்திருந்தேன். கையில் மாவு ஒட்டிய, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பெண்.

"யாரு இவங்க?"

"இவனப் பெத்தவ" என்றார் நோனா உம்மா.

ஸுபைதா கணவரைப் பார்த்தாள். "உம்மா மௌத்தாப் போயிட்டாங்கன்னு சொன்னீங்க." அவர் தராசைப் பார்த்தார். "மூத்த பொஞ்சாதி தலாக் எடுத்துட்டுப் போயிட்டா, உம்மா அந்தக் கவலையில மௌத்தாப் போயிட்டாங்கன்னு சொன்னீங்க. நான் நாப்பதாம் நாள் கத்தம் ஓதி, ஊருக்கே சோறு குடுத்தேனே."

கலேவெல ஊரறிய இறந்துபோன நோனா உம்மா லொறிக் கதவைத் திறந்து மெதுவாக இறங்கினார்.

"என்ன சோறு புள்ள?"

"நெய்ச்சோறு, மாமி."

"இறைச்சி?"

"ஆட்டிறைச்சி."

"எனக்கு ஒரு துண்டும் வரல்ல" என்றார் நோனா உம்மா, மகனைப் பார்த்து.

ஆணிக்காரர் மட்டும் கடமை மறவாமல் கேட்டார்: "முதலாளி, என் ஆணி?"

கட்டிலை உள்ளே கொண்டுபோக முதலில் கைகொடுத்தவள் ஸுபைதா.

ஜூலை 8

பஸ்ஸில் திரும்பினேன். முதுகு வலி. சட்டத்துக்காக இதுவரை எனக்கு வலித்ததில்லை.

ஜூலை 13

கலேவெல பஸ் கண்டக்டர் வழியாகச் செய்தி. பின்கட்டில் இருப்பது இரண்டே அறைகள். ஒன்றில் தாயார்; மற்றதில் இரண்டு மனைவியரும் தையல் மெஷினும். மாப்பிள்ளை கடையில் சீமெந்து மூட்டைகளின் மேல் உறங்குகிறார். காலையில் வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லையாம். 'கீழ்ப்படிதல்' என்ற சொல்லின் பொருளை ஹாஜியாரைவிட றாபியா ஆழமாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

ஜூலை 18

ஸெய்னுலாப்தீன் என் கந்தோருக்கு வந்தார். அத்தர் இல்லை.

"மச்சான், இவளக் கூட்டிட்டுப் போங்க. உம்மாவையும்தான். சந்தைக்கு வர்றவன் எல்லாம் 'உம்மா நல்லா இருக்காங்களா'ன்னு கேட்டுச் சிரிக்கிறான். மாத்தளை வீட்டு வாடகைய நான் கட்டுறேன். செலவும் தாறேன்."

"வாயால் தருவதை வாயாலேயே திரும்ப எடுத்துவிடுவீர்கள்" என்றேன்.

"அப்ப காதியார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன்."

இந்த நாளுக்காகவே அந்தச் சட்டத்தை இயற்றியிருப்பார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. புத்தகத்தை எடுத்து, பிரிவைத் திருப்பி, அவர் பக்கம் நகர்த்தினேன். "வருந்துகிறேன். எனக்கு அங்கே பேச உரிமையில்லை."

நல்லையா அவருக்குத் தேநீர் கொண்டுவந்தார், சீனி போடாமல். நான் சொல்லவில்லை. நல்லையாவின் சொந்தத் தீர்ப்பு.

ஜூலை 22, ஞாயிறு

மீண்டும் தேநீர்க் கடை. கலேவெலயிலிருந்து முதல் பஸ்ஸில் எல்லாரும் வந்தார்கள். மேலே போனவர்கள் கீழே வர நெடுநேரமாயிற்று. தும்மல்கள் மட்டும் தெருவரை கேட்டன.

றாபியா சொன்னபடி: ஸெய்னுலாப்தீன் காதியாரிடம், இவளை மாத்தளைக்கே அனுப்பும்படி கேட்டிருக்கிறார். காதியாருக்குப் புரியவில்லை. "கூப்பிட்டும் வரமாட்டேங்குறான்னுதானே போன தரம் அழுதீங்க?"

"இப்ப வந்துட்டா ஹாஜியார்."

"அப்ப என்ன குறை?"

"வந்துட்டா."

காதியார் றாபியாவைப் பார்த்தாராம். அவள் சொன்னது: "நான் கீழ்ப்படிஞ்சுதான் இருக்கேன் ஹாஜியார். இவர் கூப்பிட்டார், போனேன். போன்னு சொன்னா அதுக்கும் போறேன். ஆனா வாய்ச்சொல்லுக்குப் போகமாட்டேன். வீடும் செலவும்னு நீங்க உத்தரவு எழுதணும். காசு உங்க மன்றத்துக்கு வரணும், அங்க இருந்து நான் எடுக்கணும். இல்லாட்டி நாங்க மூனு பேரும் கலேவெலயில சந்தோசமா இருக்கோம். மாமிக்கு அந்தக் காத்துப் பிடிச்சிருக்கு."

பலீல் ஹாஜியார் எழுதினார். எழுதுவதற்கு மேசை ஆடாமல் நின்றது என்றாள். அந்தப் பெருமை எனக்குரியது.

அந்த உத்தரவை மீறினால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நான் பேசலாம். இதை ஸெய்னுலாப்தீனுக்குத் தெருவில் வைத்து, தாழ்ந்த குரலில், முழு மரியாதையுடன் தெரிவித்தேன்.

செப்டம்பர் 2

பீலி திருத்தியாகிவிட்டது. றாபியா மாத்தளை வீட்டுக்கே திரும்பிவிட்டாள்; வாடகையும் தவறாமல் போகிறது. இன்று அவள் வீட்டில் சாப்பிட்டேன். நோனா உம்மா எல்லோருக்கும் முன்பே இறைச்சியை எடுத்துக்கொள்கிறார். பழைய பாக்கி என்கிறார்.

அக்டோபர் 4

மாலையில் கந்தோர் பூட்டும் வேளை. றாபியா வந்தாள், பின்னால் ஸுபைதா. அவளை அமரச் சொன்னேன். அவள் றாபியா அமரும்வரை நின்றாள்.

"தாத்தாதான் கூட்டிட்டு வந்தாங்க" என்றாள். மூத்த சகோதரிக்குரிய அழைப்பைச் சக்களத்திக்குக் கொடுக்கிறாள். நான் கற்ற எந்த நூலிலும் இதற்கு இடமில்லை.

ஸெய்னுலாப்தீன் குருநாகலில் புதுக்கடை போட்டிருக்கிறாராம். அதன் பின்கட்டிலும் ஒரு பெண் குடியிருக்கிறாளாம். கலேவெலக் கடையில் இப்போது சரக்கு இல்லை, சமையலறையில் அரிசி இல்லை.

"குருநாகலில என்ன சொல்றாங்க தெரியுமா நானா?" என்றாள் ஸுபைதா. குரல் அமைதியாக இருந்தது. "நான் மௌத்தாப் போயிட்டேனாம்."

பேனாவை எடுத்து முதற்பந்தியைத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் றாபியா தாளின்மேல் விரலை வைத்தாள். "ஒரு வரி போதும் நானா. மிச்சத்த அவளே சொல்வா."

அக்டோபர் 7, ஞாயிறு

தேநீர்க் கடை. ஸுபைதா தனியாகவே படியேறினாள். றாபியா என் எதிரில் அமர்ந்து, மேல்மாடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாயா என்றேன். "இருமல் வந்தா இருமு, அழுகை வந்தா அழு, ஆனா பேச்ச நிறுத்தாதேன்னு சொன்னேன்" என்றாள்.

நெடுநேரம் ஒரு பெண்குரல் மட்டும் கேட்டது. பிறகு ஓர் ஆண் தும்மினார். அந்தத் தும்மலை எங்கள் குடும்பம் பதினேழு வருடமாக அறியும்.

றாபியா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தேநீருக்குக் காசு எடுத்து வைத்தாள். என் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அவள் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றது.

"ஸுபைதாவுக்கும் ஒன்னு ஊத்தச் சொல்லுங்க நானா," என்றாள், "இறங்கி வரும்போது தொண்டை காஞ்சிருக்கும்."