அந்த நாற்பதாயிரத்தை அனுப்பாதே

அன்பு மகன் முனீஸுக்கு, ராயபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாரியாத்தா துணை. சம்பளம் வந்ததும் நாற்பதாயிரம் அனுப்புவதாக அப்பாவிடம் சொன்னாயாமே, அனுப்பாதே. போனில் சொல்ல விடாமல் பிடுங்கிக்கொள்கிறார், அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார், வெட்கம். போன வருஷம் பொருட்காட்சியில் டை கட்டிய ஒருத்தன், குலுக்கலில் பரிசு என்று ஒரு தோசைக்கல்லைக் கொடுத்து, கட்டமெல்லாம் காலியாக இருந்த தாளில் கையெழுத்துக் கேட்டான். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளச் சீட்டில் முதலில் கையெழுத்து, தொகையைக் காண்ட்ராக்டர் பிறகு நிரப்பிக்கொள்வான். இருபது வருஷமாக அப்படிப் போட்டுப் பழகிய மனுஷன் அங்கேயும் போட்டுவிட்டார். இப்போது அவர் ஏதோ உல்லாச கிளப்பில் பத்து வருஷ மெம்பராம், ஊட்டி பங்களாவில் தங்கலாமாம், தங்காவிட்டாலும் நாற்பதாயிரம் கட்ட வேண்டுமாம். ஊருக்குப் போகப் பல்லடத்தில் பஸ் மாறுவதுதான் நமக்கு டூர், நமக்கு எதுக்குடா பங்களா? நாங்கள் சேரவே இல்லை என்று தொழிற்சங்கத்து ஆரோக்கியராஜ் பதிவுத் தபால் போட்டார். அதற்குப் பதிலாக வந்தது இரண்டு தடியன்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் டிவியைத் தூக்கித் தரையில் அடித்தான். தடுக்கப் போன அப்பாவை இன்னொருத்தன் வாயிலேயே குத்தினான், முன்பல் இரண்டும் போய் வேட்டியெல்லாம் ரத்தம். அதோடு விட்டானா? பணம் எப்பய்யா வரும் என்று கேட்டுக்கொண்டே அவர் விரலைக் கதவிடுக்கில் வைத்து நெரித்தான். கம்பெனியில் அயர்ன் பிடிக்கிற கையடா அது! அடப்பாவி என்று கத்திக்கொண்டே கொதிக்கிற கஞ்சியை அவன் தொடையில் ஊற்றிவிட்டேன். தோல் உரிந்து வாசலில் புரண்டான். டிவியை உடைத்தவனைப் பக்கத்து வீட்டு அனுசுயா விளக்குமாற்றால் சாத்தித் தெருமுனை வரை விரட்டினாள்.

இப்போது என்மேல் கேஸ். பணத்தைக் கட்டி, மெம்பர்தான் என்று எழுதிக் கொடுத்தால் வாபஸ் வாங்குவார்களாம். நான் ஜெயிலுக்குப் போய்விடுவேன் என்று உன் அப்பா நடுங்குகிறார். எனக்கும் பயம்தான் ராசா. அவன் அலறல் காதைவிட்டுப் போகவில்லை, அவனும் யாரோ பெற்ற பிள்ளை. ஆனால் கட்டினால், உன் அப்பா பல்லை உடைத்ததற்கு நாமே கூலி கொடுத்ததாக ஆகிவிடும். அந்தத் தாள் செல்லாது என்று கோயம்புத்தூர் நுகர்வோர் கோர்ட்டில் ஆரோக்கியராஜ் மனு போட்டிருக்கிறார், அது நடக்கட்டும்.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் மடித்து வைத்துவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது நான் வீட்டில் இருக்கிறேனோ, உள்ளே இருக்கிறேனோ தெரியாது. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டாமல் வேலைக்குப் போகாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. நான் இல்லாவிட்டால் அனுசுயாவுக்குப் போன் போடு, அப்பாவால் மெல்ல முடியாது, சோற்றைக் குழைத்துக் கொடுக்கச் சொல்.

உன் அம்மா,
வெள்ளையம்மாள்