பாலிஷ் படிந்த கை

இதை எழுதுகிற வலது கையில் பிரெஞ்சு பாலிஷ் வாசனை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியிருக்கலாம். வேண்டுமென்றேதான் கழுவவில்லை. தோஸ்து, நீ கண்ணை மூடி ஓராண்டுகூட ஆகவில்லை, அதற்குள் உன் வாசனை வீடு தேடி வந்துவிட்டது.

மகள் கல்யாணத்துக்காகப் பழைய கதவுக்குப் பாலிஷ் போட ஒரு ஆள் வந்திருந்தார். மத்தியானம் சாப்பிடப் போனவர் புட்டியை மூடாமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் நானும் அந்தப் புட்டியும்தான். வாயில் எச்சில் ஊறியது. குடியை விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று, ஆனால் வாய்க்கு அது தெரியவில்லை. மதுவிலக்கு வந்த புதிதில், சாராயம் கிடைக்காத நாட்களில், கண் போகும் என்று தெரிந்தே, ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்த இந்தக் கருமத்தைக் குடித்தவன்தானே நான்!

எழுந்து போய்த் தக்கையை அழுத்தி மூடினேன். அவசரத்தில் கொஞ்சம் விரல்களில் வழிந்தது. அந்த ஆள் திரும்பும்வரை தெருவிலேயே நின்றேன்.

உன்னை நான் முதன்முதலில் பார்த்ததும் இந்த வாசனையோடுதான். காசிமேட்டில் ஒரு வலைக் கொட்டகையில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு பேர் கூடுவோம். எல்லோரும் குடியை விட்டவர்கள், அல்லது விடத் தவிப்பவர்கள். அந்த வாரத்தை எப்படித் தாண்டினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான் கூட்டம். ஆலைச் சங்கு ஊதியதும் கால் தானாகச் சாராயக்காரனிடம் போகிற நேரம் அது. அந்த நேரத்தைக் கடத்தத்தான் அப்படி உட்கார்ந்தோம்.

இதை வெளியே சொல்லவும் முடியாது. ஆறு குடிகாரர்கள் கொட்டகைக்குள் குசுகுசுவென்று பேசினால், குடிக்காமல் இருக்கத்தான் பேசுகிறார்கள் என்று எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? அதனால் என்னை வாசலில் உட்கார வைத்தார்கள். துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிற எனக்கு இருந்த ஒரே தகுதி, யாரையும் நம்ப மாட்டேன் என்பது.

நீ நேராக என்னிடம் வந்தாய். வரும்போதே குப்பென்று வாடை அடித்தது.

"குடிய வுட்றவங்க கூடறாங்களாமே, இங்கதானே?"

"எவன் சொன்னான்? இது வலை பின்ற எடம். போய்க்கினே இரு."

"ஒரு ஓரமா குந்திக்கினு கேட்டுட்டுப் போறேன் நைனா."

"போறியா, இன்னா?" என்று நான் எழுந்தேன். நீ போய்விட்டாய். போலீஸ் அனுப்பிய ஆள்தான், குடித்த மாதிரி சாராயத்தைத் தெளித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று உள்ளே போய்ச் சத்தியம் செய்தேன். அடுத்த வாரமே கூட்டத்தைத் திருவொற்றியூரில் ஒரு பாழடைந்த உப்புக் கிடங்குக்கு மாற்றினோம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை கிடங்கு வாசலில் நீ நின்றாய்! உன் சட்டையைப் பிடித்தேன்.

"யார்ரா காட்டிக் குடுத்தது?"

"சாராயக்காரன்" என்றாய். "வேற யாருகிட்ட கேக்கறது? அவன்கிட்ட குடிக்க வராம நின்னுபோனவங்க எங்க போறாங்கன்னு கேட்டேன். ராயபுரத்துல கேட்டேன், தெரியலன்னான். தண்டவாளத்தாண்ட ஒருத்தன் கைல கிளாஸக் குடுத்துட்டுத்தான் வாயத் தொறந்தான்."

"குடிச்சியா?"

"கீழ வெச்சிட்டு வந்தேன்."

நான் நம்பவில்லை. அந்த வாடைதான் இதோ மூக்கைத் துளைக்கிறதே! நீ இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாய். நகக்கண்ணெல்லாம் அரக்குக் கறை. உப்புத் தண்ணீரிலும் மண்ணிலும் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது.

"மேஜ நாற்காலிக்கு பாலிஷ் போடறவன் நான். இது போவாது. வாய ஊதறேன், மோந்து பாரு."

ஊதினாய். பசித்த வயிற்றின் வாடை மட்டும் வந்தது. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. நான் துரத்திய அன்றைக்கு நீ குடியை விட்டு இரண்டே நாள் ஆகியிருந்தது என்பதை உள்ளே நீ பேசியபோதுதான் தெரிந்துகொண்டேன். அன்று நீ நேராக வீட்டுக்குப் போனாயா, அல்லது வழியில் எங்காவது நின்றாயா என்று உன்னைக் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

பிறகு நீதான் என் தோஸ்து. நாளெல்லாம் அந்தப் புட்டியோடு உட்கார்ந்து வேலை செய்கிறாயே, வேறு பிழைப்பு பார்த்தால் என்ன என்று உன்னை எத்தனை முறை நச்சரித்திருப்பேன்!

"இந்தக் கைக்கு வேற வேல தெரியாது. கை நாறட்டும், வாய் நாறக்கூடாது" என்பாய்.

போன ஐப்பசி மழையில் நெஞ்சுச் சளி முற்றி நீ போனாய். மூலக்கொத்தளம் மயானத்தில் உன்னைக் குழியில் இறக்கும்போது, "குடிச்சே செத்தான், வாட அடிக்குது பாரு" என்றான் உன் தெருக்காரன் ஒருவன். அங்கேயே அவனோடு கட்டிப் புரண்டேன். நல்ல வேளை, நீ பார்க்கவில்லை.

இன்று சனிக்கிழமை. கூட்டத்துக்குப் போனேன். வாசலில் புதிதாக ஒருவர், வாட்டசாட்டமான மீன்பிடிக்காரர், உள்ளே வரலாமா போகலாமா என்று நின்றார். "வா நைனா" என்று கையைப் பிடித்தேன். அவர் மூக்கைச் சுளித்துக் கையை உதறினார்.

"குடிய வுட்ற எடம்னு சொன்னாங்க. உன் கையே நாறுதே! என்ன ஏமாத்தறீங்களா?"

திரும்பி நடந்தார். எந்தத் திசையில் போகிறார் என்று பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. அது சாராயக்காரன் இருக்கிற தண்டவாளத்துப் பக்கம். ஓடிப்போய் முன்னால் மறித்து நின்றேன். உன் வார்த்தைதான் வாயில் வந்தது.

"வாய ஊதறேன், மோந்து பாரு."

ஊதினேன். அவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"வெத்தல வாசனதான் வருது" என்றார் கடைசியில்.

நீ உட்காரும் மூலையில் அவரை உட்கார வைத்தேன். கையை நாளைக்குக் கழுவிக்கொள்கிறேன். இன்று ஒரு நாள் இருக்கட்டும்.