மூன்றாவது குறை

ஒஸ்லோ,
மார்ச் 9, திங்கட்கிழமை

அன்பு மகள் நிருஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ சுகமாகவும் வயிறு நிறையச் சாப்பிட்டவளாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். வெறும் வயிற்றில் இதை வாசிக்க வேண்டாம். இங்கே எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. அப்பாவின் பிரஷர் மட்டாக இருக்கிறது, உப்பைக் குறைத்துவிட்டேன் என்று என்னோடு கோபமாக இருக்கிறார், அந்தக் கோபத்தில் ஏறினால்தான் உண்டு. தம்பி பிரவீணன் போன சனிக்கிழமை லில்லெஸ்ட்ரோமிலிருந்து குடும்பத்தோடு வந்தான். சின்னவனைப் பார்ணஹாகா என்ற பாலர் பள்ளியில் விடத் தொடங்கிய முதல் கிழமையே காய்ச்சலை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டான். குறொன்லாண்டுக் கடையில் முருங்கைக்காய் வந்திருக்கிறது, ஆனால் பென்சில் மாதிரி மெலிந்தது, வாங்கவில்லை. வாசலில் ஐஸ் இன்னும் போகவில்லை, அப்பா சப்பாத்துக்கு ஆணிப் பட்டி போடாமல் நடப்பேன் என்று அடம். லண்டனில் மழைதானே, நீ நனைந்த தலையோடு நூலகத்தில் போய் இருக்காதே.

நேற்று முன்தினமும் முகம் பார்த்துக் கதைத்தோம், பிறகேன் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்பாய், நான் உடனே வேறு கதைக்குப் போய்விடுவேன். மூன்று தரம் அப்படிப் போயும் விட்டேன், முருங்கைக்காய்க் கதை எல்லாம் அப்படி வந்ததுதான். தாளில் எழுதினால் ஓடுவதற்கு இடமில்லை. அதோடு நீ உன் கட்டுரையை இந்த மாதக் கடைசியில் அனுப்பப் போகிறாய் என்று சொன்னாய், அதற்கு முன் இது உனக்குத் தெரிய வேண்டும்.

பூட்டனின் புத்தகத்தைப் பற்றித்தான், பிள்ளை. வெள்ளைக்காரன் காலத்தில் என்னுடைய அப்பப்பா எழுதி அச்சடித்து ஊரெல்லாம் விநியோகித்த அந்தச் சின்னப் பிரசுரம், “வடமாகாணத்தார் முறையீடு”. போன வருடம் நான் யாழ்ப்பாணம் போனபோது யோகாம்பாள் மாமி அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்ததும், நான் இங்கே வந்து கணினியில் தட்டச்சுச் செய்து உனக்கு அனுப்பியதும், நீ அதை வாசித்துவிட்டுத் துள்ளிக் குதித்ததும் உனக்குத் தெரியும். மூலத்தை அனுப்பச் சொல்லி நீ கேட்டபோது தொட்டால் உதிர்கிறது, தபாலில் போட முடியாது என்று சொன்னேன். அது பொய். அந்தப் பிரசுரத்தில் பூட்டன் அரசாங்கத்தின்மேல் குறை சொல்கிறார். முதலாவது குறை, அரசாங்கக் கச்சேரிக்குப் போனால் ஏஜண்டுத் துரை நம்மவர்களுக்குக் கதிரை கொடுப்பதில்லை, அரைமணி நேரம் நிற்க வைத்தே பேசி அனுப்புகிறார். இரண்டாவது, தமிழில் எழுதிய மனுவை வாங்க மாட்டோம் என்கிறார்கள். இந்த இரண்டையும் வைத்துத்தான் நாங்கள் இங்கே போட்ட மறுபதிப்புக்கு நீ அவ்வளவு வடிவான முன்னுரை எழுதினாய். தன் மானத்தையும் தன் மொழியையும் விட்டுக்கொடுக்காத மனிதர் என்று எழுதினாய். ஒரு எழுத்தும் மாற்றாமல், ஒரு வரியும் விடாமல் பதிப்பிக்கிறோம் என்றும் எழுதினாய். நான் சொன்னதை நம்பித்தான் அப்படி எழுதினாய்.

மூன்றாவது குறை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்த வேண்டும் என்று அரசாங்கம் அந்த நாளில் சொன்னதே, அதற்கு எதிராக நான்கு பக்கம். பொதுவாக எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் அவர் ஒரு ஆளைப் பெயர் சொல்லி எழுதியிருந்தார். பக்கத்து ஊர் மிஷன் பள்ளிக்கூடத்து ஞானமுத்து உபாத்தியாயர். அவருடைய தகப்பன் ஏறி இறங்கிய பனைகள் இன்னும் எங்கள் வளவில் சாட்சியாக நிற்கின்றன, இப்படிப்பட்டவரின் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளை வாங்கில் ஏற்றினால் நாளைக்கு அவர்கள் பனையில் ஏறக் கூச்சப்படுவார்கள், பிறகு எங்கள் பனைகளுக்குத் துரையா பதில் சொல்வார் என்று எழுதியிருந்தார். அந்த நான்கு பக்கமும் நடுவிலிருந்த ஒரே தாள். தைத்த நூல் இற்றுப்போயிருந்தது, இழுத்தவுடன் வந்துவிட்டது. நான் அதைப் பழைய பத்திரிகைகளோடு சேர்த்து மடித்துக் கீழே கடதாசிக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு மேலே வந்து தேத்தண்ணி குடித்தேன்.

ஞானமுத்து உபாத்தியாயர் யார் என்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும். எங்கள் கிளெமென்ற்றின் அப்பப்பா. முதியோர் இல்லக் குசினியில் என்னோடு பத்தொன்பது வருடம் வேலை செய்த கிளெமென்ற். நான் ஐஸில் விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது ஆறு கிழமை என் பங்குச் சட்டிபானையையும் சேர்த்துக் கழுவிவிட்டு, மேலதிகாரிக்கு ஒரு சொல் சொல்லாமல் இருந்த மனிதன். ஓய்வு நேரங்களில் தன் அப்பப்பா வாத்தியாராக இருந்ததைப் பெருமையாகச் சொல்வான். அதனால் அந்தப் பெயரைக் கண்டவுடனேயே ஆளை எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் எறிந்தேன். கிளெமென்ற்றின் மனம் நோகக்கூடாது என்று எறிந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நான் இன்னாருடைய பேத்தி என்று நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

மண்டபத்தில் நடந்த வெளியீட்டு விழாவில் நீ திரையில் வந்து முன்னுரையை வாசித்தபோது கிளெமென்ற்றும் அவன் மனைவி கரோலினாவும் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். நீ முடித்ததும் அவன் கை தட்டியதை நான் கண்ணால் கண்டேன். நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். புத்தகத்தை விரித்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டி, மேற்சொன்ன முக்குறைகளும் என்று இருக்கிறது, எண்ணிப் பார்த்தால் இரண்டுதான் இருக்கிறது அக்கா என்றான். நான்கு பக்கத்தை எடுக்கத் தெரிந்த எனக்கு அந்த ஒரு சொல்லை எடுக்கத் தெரியவில்லை பார். தேத்தண்ணிக் கோப்பையை அவன் கையில் கொடுத்துக்கொண்டே நடுப்பக்கத்தைச் செல் அரித்துவிட்டது என்றேன். முகத்தைப் பார்த்துச் சொன்னேன், நிரு. அவன் பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு பழைய பிரசுரத்தை எடுத்து மேசையில் வைத்தான். “அப்ப இது உதவும் அக்கா, எங்களிட்டை முழுக்க இருக்கு” என்றான்.

“முறையீட்டு மறுப்பு”, எழுதியவர் ஞானமுத்து உபாத்தியாயர். அந்தக் காலத்தில் மறுப்பு எழுதுகிறவர் எதிராளி எழுதியதை ஒன்றும் விடாமல் முதலில் அச்சடித்துவிட்டுத்தான் தன் பதிலைச் சொல்வார், இல்லாவிட்டால் பயந்து மழுப்பிவிட்டார் என்று ஊர் சிரிக்கும் என்று நீதானே எனக்குச் சொன்னாய். அப்படியே இருந்தது. பூட்டனின் மூன்றாவது குறை முழுவதும், பனைமரச் சாட்சியோடு, ஒரு எழுத்துப் பிசகாமல். என் சொந்த அப்பப்பாவின் எழுத்தை நான் குப்பையில் போட்டேன், அவர் திட்டிய குடும்பம் தொண்ணூற்றைந்து வருடம், சண்டைக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும், கப்பலிலும் விமானத்திலும் அதைக் காவிக்கொண்டு வந்திருக்கிறது.

வாத்தியாரின் பதிலையும் இதோடு நகல் எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் ஒரு இடத்தை என் கையால் எழுத வேண்டும் போல் இருக்கிறது. “ஐயா அவர்கள் துரைக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றதை மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கால் நோவு எனக்கு நன்றாக விளங்குகிறது. நான் பன்னிரண்டு வருடம் தரையில் உட்கார்ந்து படித்தவன்.” ஒரு வசை இல்லை, ஒரு குத்தல் இல்லை. பூட்டனுக்குக் கதிரை கிடைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு வாசிக்க வாசிக்க முகம் எரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, அது உனக்கு மட்டும். அந்த நான்கு பக்கத்தை முதல் தரம் வாசித்தபோது, எங்கள் பனைகளுக்குத் துரையா பதில் சொல்வார் என்ற இடத்தில், எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன விண்ணன், எப்படி எழுதியிருக்கிறார் என்று ரசித்துச் சிரித்தேன். பிறகுதான் ஞானமுத்து என்ற பெயருக்குக் கண் திரும்பிப் போனது. எங்கள் வீட்டில் சாதி இல்லை என்று உனக்கும் தம்பிக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். நான்கு பக்கத்தை எறிந்தேன், அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் எறிவது என்று தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். பேசாமல் விடு, உன் அப்பப்பாவின் குப்பையை நீ ஏன் கிளறுகிறாய், கிளெமென்ற் நல்ல மனிதன், வெளியில் ஒருவருக்கும் சொல்ல மாட்டான் என்றார். சொல்ல மாட்டான்தான். அந்த நல்ல குணத்தை நம்பித்தான் நான் செல் அரித்த கதையைச் சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று மத்தியானம் தனியாக ரயில் ஏறி ஹவுகெட்டோவிலுள்ள கிளெமென்ற் வீட்டுக்குப் போனேன். அவர்கள் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். கோட்டைக் கழற்றாமலே சொல்லிவிட்டேன், செல் அரிக்கவில்லை, நான்தான் எறிந்தேன் என்று. கரோலினா கறிக்கோப்பையை மூடிக்கொண்டே, “தெரியும் அக்கா, செல் அரிச்சா ஓரத்திலையிருந்துதான் அரிக்கும்” என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு கிளெமென்ற் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். “அக்கா, நீங்கள் அதை எல்லாருக்கும் முன்னாலை வாசிப்பியள் எண்டு நினைச்சுத்தான் நான் அண்டைக்கு மண்டபத்துக்கு வந்தனான். புத்தகம் வருகுது எண்டு கேள்விப்பட்டோடனை, இவை அதை மறைக்காமல் போடுகினம் எண்டு பிள்ளையளுக்கும் சொன்னனான்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் இனியாவது அதே மண்டபத்தில் வாசிப்பீர்களா என்று மட்டும் கேட்டான். உடனே ஓம் என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் என்ன சொல்வார்கள், உன் முன்னுரை என்ன ஆகும், உன் பேராசிரியர் என்ன நினைப்பார் என்றெல்லாம் தலைக்குள் ஓடியது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிடவில்லை. மறுத்தது அந்த வெட்கத்தால்தான், ஆனால் இந்தக் கதைக்குப் பிறகு நான் அவர்கள் மேசையில் சாப்பிடாமல் போனதை அவர்கள் எப்படி எடுத்திருப்பார்கள் என்று ரயில் ஏறிய பிறகுதான் யோசித்தேன். அதையும் போய்ச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். உன் கையில் இது கிடைத்துவிட்டால் எனக்குத் திரும்பிப் போக வழி இல்லை. நாளைக்குக் காலையில் இதைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு நேரே ஹவுகெட்டோவுக்குப் போய் ஓம் என்று சொல்லப் போகிறேன், தந்தால் சாப்பிட்டுவிட்டும் வருவேன். மண்டபத்தில் மூன்றாவது குறையை நான் வாசிக்கிறேன், மறுப்பைக் கிளெமென்ற்றுக்கு விருப்பமென்றால் அவன் வாசிக்கட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் புத்தகங்களை ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன். உன் பெயரைப் போட்டு ஒரு பொய்யை அச்சடிக்க வைத்துவிட்டேன், படித்துப் படித்து நீ சேர்த்த பெயர் அது. நீ என்னோடு ஒரு மாதம் கதைக்காவிட்டாலும் எனக்கு ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கட்டுரையைத் திருத்தாமல் அனுப்பிவிடாதே. பூட்டனை விட்டுவிட்டு எழுதவும் வேண்டாம், அவர் கதிரை கேட்டதும் உண்மை, மற்றப் பிள்ளைகளுக்கு வாங்கு இல்லை என்றதும் உண்மை, இரண்டையும் எழுது.

எங்கே இருந்தாலும் கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், உன் படிப்பும் உடம்பும் குறையில்லாமல் இருக்கட்டும், நெற்றியில் கை வைத்து வாழ்த்துகிறேன். மீனெண்ணெய்க் குளிசையை மறக்காதே. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள் பிள்ளை, அந்தப் பக்கங்கள் எப்படிக் காணாமல் போயின என்று அடிக்குறிப்பில் எழுதுவாய்தானே, அங்கே காலத்தால் அழிந்தது என்று எழுதாதே. குடும்பத்தார் நீக்கினர் என்றும் எழுதாதே. குடும்பத்தில் அப்பா இருக்கிறார், தம்பி இருக்கிறான், நீ இருக்கிறாய், நீங்கள் ஒருவரும் செய்யவில்லை. உனக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும், அதனால் முழுப் பெயரையும் நானே கீழே எழுதியிருக்கிறேன், பார்த்து அப்படியே போடு.

உன் அம்மா,
வசந்தமலர் இந்திரகுமார்