பல் மருத்துவருக்கு ஒரு தோல் பை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பு சுகத்தோடும் ஓரளவு ஒற்றுமையோடும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் இரண்டிலும் எங்களைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

தையல்கடையை மூடிய பிறகு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் சட்டைத் தையலையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். இப்போது தோல் வேலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், சேர்ந்த சூட்டோடு தெருமுனைப் பல் மருத்துவருக்குத் தோள் பை செய்து தருவதாக ஒப்புக்கொண்டும் வந்துவிட்டாள். முதல் ஆர்டர். முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது, அதனால் தோல் வாங்கும் பொறுப்பை நானும் தலையில் ஏற்றிக்கொண்டேன். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலாக இருக்க வேண்டுமாம், கடையில் ‘வெஜிடபிள் டேன்’ என்று கேட்க வேண்டுமாம், அதுதான் புதிதாகக் கற்பவர்கள் அச்சுப் பதிக்கப் படியுமாம், சாயமும் முன்பே ஏற்றியிருக்க வேண்டுமாம். நாமே சாயம் போட்டால் என்ன என்று கேட்காதே, போட்டுப் பார்த்தோம், குளியலறைத் தரையும் என் இரண்டு குதிகாலும் இன்னும் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கின்றன.

முதல் கடையில் பெயர் மறந்துபோய், சைவத் தோல் இருக்கிறதா என்று கேட்டுத் தொலைத்தேன். கடைக்காரர் சிரிக்காமல், எல்லா மாடும் சைவம்தாங்க என்றார். அடுத்து போனில் ஒருவன், கண்ணை மூடிட்டு வாங்கலாம் சார் என்றான், அப்படியே வாங்கினேன். அம்மா ஓரத்தை வெட்டிப் பார்த்தாள், உள்ளே நீலச் சாம்பல் நிறம். இது ரசாயனத்துல பதனிட்டது, அச்சு நிக்காது, உங்களை அனுப்பினேன் பாருங்க என்றாள். மொத்த வியாபாரியோ முழுத் தோலாகத்தான் தருவேன், அதுவும் கட்டுக்கட்டாக என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, கிடங்குக்குப் பின்னாடி ஒரு அம்மா துண்டு போட்டு விக்கிறாங்க, அங்க கேளுங்க என்று கை காட்டினார். அந்த அம்மா, ஈரத்துணியால தேய்ச்சுப் பாருங்க, சாயம் வராட்டி எடுத்துக்குங்க என்றார். துணிக்கு எங்கே போவது, போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் நுனியை நனைத்துத் தேய்த்தேன். சிவப்பு ஒட்டிக்கொண்டது, பழுப்பு ஒட்டவில்லை, பழுப்பை வாங்கிவந்தேன். மாப்பிள்ளை எடுத்துத் தந்த சட்டைதான், அவரிடம் சொல்ல வேண்டாம்.

பை அருமையாக வந்துவிட்டது, வந்ததுதான் வினை. கொடுக்க மனசு வரலைங்க என்று அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். மருத்துவர் கேட்கும்போதெல்லாம் இன்னும் தோல் கிடைக்கவில்லை என்று நான் புளுகிக்கொண்டிருந்தேன், இந்த நேரம் பார்த்து எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. எந்த முகத்தோடு அவரிடம் போவது. கன்னம் பன்னைப் போல வீங்கிய பிறகு அம்மா என்னைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், மறுபடியும் பீரோவையே பார்த்தாள், கடைசியில் பெருமூச்சோடு சாவியை எடுத்தாள், பையோடு என்னையும் அவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவர் பையைத் தோளில் மாட்டியபடியே என் பல்லைப் பிடுங்கினார். என் மனைவிக்கும் இதே மாதிரி ஒண்ணு, பச்சை நிறத்துல வேணும் என்றார். அதுக்கென்ன, இவரு தோல் தேடிக் கொண்டாந்துடுவாரு என்றாள் அம்மா. என் வாய் நிறையப் பஞ்சு.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நிறைந்து வாழுங்கள். அம்மாவிடம் பேசும்போது மறந்தும் உனக்கொரு பை வேண்டும் என்று கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
ஒரு பல் குறைந்தாலும் பாசம் குறையாத
அப்பா